அலமாரியின் மேல்தோல்

மாற்றல் உத்தரவு வந்ததும் வீட்டுச் சாமான்களைப் பற்றி ஒரு விசாரணை நடத்துவது வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிப்போன செயல். எதை உடன் கொண்டு செல்வது, எதை வந்த விலைக்குக் கொடுத்துவிடுவது என்ற அந்த விசாரணையில் பாத்திரங்கள் எப்போதும் தப்பிவிடும். கட்டில்கள் தப்புவது அருமை. தேக்கு அலமாரி இரண்டுங்கெட்டான் நிலையில் சிறிது நேரம் நின்று, கடைசியில் லாரியில் ஏறிவிடும். இவ்வாறு நாக்பூரில் வாங்கியது தில்லிக்கும், தில்லியிலிருந்து கொல்கத்தாவுக்குமாக இரண்டு தலைமுறைகள் பயணம் செய்த அலமாரிகளை நேயர்கள் பலர் தம் வீட்டிலேயே காணலாம்.

புதிய ஊரின் வெயிலும் புதிய வீட்டின் சன்னலும் அந்த அலமாரியின் நிறத்தைச் சும்மா விடுவதில்லை. ஒரு பக்கம் வெளிறிவிடும். அல்லது, மற்றச் சாமான்களெல்லாம் கருஞ்சிவப்பாக இருக்க, இது மட்டும் தேன் நிறத்தில் தனித்து நிற்கும். நிறத்தைச் சற்றே கருக்கினால் போதும் என்று தோன்றும். உடனே அண்டை அயலார் கூறும் யோசனை ஒன்றுதான்: பழைய மெருகை அடியோடு உரித்தெடுத்து, மரத்தை வெள்ளையாக்கிக்கொண்டு, பிறகு புதுச் சாயம் ஏற்ற வேண்டும் என்பது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆயினும் மரச்சாமான்களின் வரலாறு இந்த யோசனையை ஆதரிப்பதாக இல்லை. பல நூற்றாண்டுகளாக மரத்தைக் கருக்கியவர்கள் பெரும்பாலும் உரிக்காமலே கருக்கினார்கள். அவர்களுக்கு அந்த வசதியை அளித்தது நம் நாட்டுக் காடுகளில் ஒரு சிறு பூச்சி சுரந்த பிசின்.

மரத்துக்கு நிறமூட்டும் வழிகள் இரண்டு. மரத்தின் நுண்துளைகளுக்குள் சாயத்தைச் செலுத்துவது ஒரு வழி. இதற்கு மரம் திறந்த மேனியோடு இருந்தாக வேண்டும். ஏற்கெனவே மெருகு ஏறிய பரப்பில் இத்தகைய சாயத்தைத் தடவினால், உள்ளே புக வழியின்றி மேலேயே பிசுபிசுத்துக் கிடக்கும், துடைத்தால் வந்துவிடும். மரத்தின்மேல் படியும் மெல்லிய படலத்திலேயே நிறத்தைக் கலந்துவைப்பது மற்றொரு வழி. இங்கே நிறம் மரத்தில் இல்லை, மரம் அணிந்த தோலில் இருக்கிறது. முதல் வழியை மட்டும் அறிந்தவர்கள்தாம் உரிக்கச் சொல்லுகிறார்கள்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மரத்துக்கு ஏற்றும் சாயத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்டெயின்’ என்கிறார்கள். அகராதியைத் திறந்தால் அதற்குக் ‘கறை’ என்று பொருள் காணும். ஏதோ ஓர் அலுவலகத்துச் சாமான் பட்டியலின் தமிழாக்கத்தில் ‘கறை படிந்த தேக்கு நிலைப்பேழை ஒன்று’ என்றிருக்கக் கண்டோம். குற்றமற்ற அந்த அலமாரி என்ன பாவம் செய்ததோ! தச்சர்கள் ‘கலர் ஏற்றுவது’, ‘பாலிஷ் போடுவது’ என்ற இரண்டு தொடர்களால் இந்த இரண்டு வழிகளையும் குழப்பமின்றிப் பிரித்துவிடுகிறார்கள். அகராதியைவிட அவர்கள் வழக்கே இங்குத் தெளிவானது.

பிசினின் கதைக்கு வருவோம். அரக்கு என்பது தமிழருக்குப் புதிய பொருளன்று. கிளையில் ஒட்டியபடி வருவதைக் கொம்பரக்கு என்றோம். பொற்கொல்லர் நகையின் உட்கூட்டை அரக்கால் நிரப்புவர். கடிதத்துக்கும் கருவூலப் பைக்கும் முத்திரையிடுவது அரக்காலே. மகளிர் பாதங்களுக்கு ஊட்டிய செம்பஞ்சுக் குழம்பும் அரக்கின் செந்நிறமே. வடமொழியில் இதற்கு லாட்சை என்று பெயர். அதர்வ வேதத்தில் இது புண்ணை ஆற்றும் மருந்தாகப் போற்றப்படுகிறது. பாரதத்தில் பாண்டவரை எரிப்பதற்கென்று வாரணாவதத்தில் எழுப்பிய மாளிகை அரக்கு மாளிகை. உத்தரப் பிரதேசத்துப் பாகபத் மாவட்டத்தில் உள்ள பர்னாவா என்னும் ஊரையே அந்த வாரணாவதம் என்று அவ்வட்டாரத்தார் சொல்லுவர்; தில்லியிலிருக்கும் நேயர்கள் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவுதான். எளிதில் பற்றி எரியும் பொருளென்பது அன்றைக்கே தெரிந்திருந்தது என்பதை மட்டும் இக்கதையிலிருந்து எடுத்துக்கொள்வோம். அரக்கைக் கரைக்க இன்று பயன்படுத்தும் ஸ்பிரிட்டு அதனினும் விரைவாகப் பற்றும். அடுப்பருகே இந்த வேலை கூடாது.

நிறத்தை மரத்தில் ஏற்றாமல் அரக்கில் ஏற்றுவது நம் நாட்டின் பழைய வழக்கம் என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. அக்பரின் அவையிலிருந்த அபுல் பசல் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதி முடித்த ‘அயினி அக்பரி’யில், வாயிலில் தொங்கவிடும் தட்டிகளுக்குப் பூசும் அரக்கின் அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. வடக்கே இன்றும் ‘சிக்’ என்று வழங்கும் தட்டிகளே இவை. சிவப்பு வேண்டுமாயின் 4 சேர் அரக்குக்கு 1 சேர் சாதிலிங்கம். மஞ்சள் வேண்டுமாயின் அதே அளவு அரக்குக்கு 1 சேர் அரிதாரம். மரத்தையோ மூங்கிலையோ சாயத்தில் ஊறவைப்பது பற்றிய பேச்சே அங்கில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் கோவாவில் தங்கியிருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் 1596-இல் வெளியிட்ட தம் பயண நூலில் மற்றொரு முறையை வியந்து எழுதினார். கடைசல் எந்திரத்தில் மரம் சுழலும்போது நிறமேற்றிய அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிந்து மெருகாகிவிடுகிறது. இதே முறையைக் கருநாடகத்துச் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏடிகொப்பாகாவிலும் இன்றும் காணலாம். நம் அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. குழந்தைப் பருவத்தில் அந்தச் சொப்புகளை வைத்து விளையாடியவர்கள், சிவப்பு உதிர்ந்த இடத்தில் வெள்ளை மரம் தெரிந்ததை மறந்திருக்க மாட்டார்கள். நிறம் எங்கே குடியிருந்தது என்பதற்கு அதுவே போதிய சாட்சி.

ஐரோப்பாவுக்கு அரக்கு சென்ற பின் அதன் வாழ்வு மாறியது. அங்கே அதை உருக்கிப் பூசாமல் சாராயத்தில் கரைத்துப் பூசினார்கள். 1688-இல் ஆக்ஸ்போர்டில் ஸ்டாக்கர், பார்க்கர் என்ற இருவர் வெளியிட்ட மெருகுக்கலை நூலில் அரக்குக் கரைசலைத் தயாரிக்கும் விவரங்கள் உண்டு. 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பஞ்சைத் துணியில் பொதிந்து உருண்டையாக்கி, அதில் அரக்குக் கரைசலை ஊற்றி, மரத்தின்மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்து நூற்றுக்கணக்கான மெல்லிய படலங்களை ஏற்றும் முறை இங்கிலாந்தில் பரவி, ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்று பெயர் பெற்றது. பெயர் பிரெஞ்சு, பரவியது இங்கிலாந்தில், பிசின் வங்காளத்துத் துறைமுகத்திலிருந்து சென்றது. பிறகு ஆங்கிலேயர் வழியே இந்த முறை நம் நகரங்களுக்கே திரும்பி வந்து, நம் மிஸ்திரிகள் கையில் நிலைத்தது.

இந்த இடத்தில் சோழமண்டலக் கரைக்கும் இக்கதைக்கும் உள்ள ஓர் உறவைச் சொல்லியாக வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்களுக்காக இந்தக் கரையிலும் இலங்கையிலும் கருங்காலியில் நாற்காலிகள் கடையப்பட்டன. முறுக்கிய கால்களும் நெருங்கிய பூவேலையும் கொண்டவை. அவற்றுட் சில இங்கிலாந்தை அடைந்தன. அவை எங்கிருந்து வந்தன என்பது 18-ஆம் நூற்றாண்டுக்குள் அங்கே மறந்துபோயிற்று. ஸ்ட்ராபெரி ஹில் என்ற மாளிகையைக் கட்டிய எழுத்தாளர் ஹோரேஸ் வால்போல் இவற்றைத் தேடித் தேடி வாங்கினார். எட்டாம் ஹென்றி காலத்து ஆங்கிலத் தச்சரின் கைவேலை என்பது அவருடைய நம்பிக்கை. பழமை என்றால் கருமை என்ற எண்ணம் ஆங்கில மாளிகைகளில் வேரூன்றுவதற்கு, நம் கரையில் செய்த நாற்காலிகளும் ஒரு காரணமாயின. இதை எண்ணும்போது சிரிப்பதா பெருமைப்படுவதா என்று நமக்கு விளங்கவில்லை.

கருமை மோகம் 19-ஆம் நூற்றாண்டில் முற்றியது. கருங்காலி கிடைப்பதரிது; கிடைத்தாலும் விலை மிகுதி. ஆதலின் எளிய மரத்துக்குக் கருங்காலி வேடம் போட்டார்கள். காட்வின் என்ற கட்டடக் கலைஞர் 1867-இல் வரைந்த பக்கப்பேழை இவ்வகையில் புகழ் பெற்றது. மகோகனி மரத்தைக் கருங்காலி போலாக்கிச் செய்த அந்தப் பேழை இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளிர்நிற ஓக் மரத்தையும் எலிசபெத் அரசி காலத்ததுபோல் தோன்றும்படி கருக்கினார்கள். பொட்டாசியம் பைகுரோமேட்டைப் பூசி மகோகனியைக் கருக்குவதும், மூடிய அறையில் அமோனியா ஆவியை ஊட்டி ஓக்கைக் கருக்குவதும் வழக்கத்துக்கு வந்தன. இவை மரத்தின் துவர்ப்புச் சத்தோடு கூடி நிறத்தை மாற்றுவன. ஆகவே மரம் திறந்த மேனியாக இருந்தால்தான் பலிக்கும். புதுச் சாமானுக்கு மட்டுமே உரியவை. பைகுரோமேட்டு கொடிய நஞ்சும் ஆகும். யாரேனும் இன்று அதைப் பரிந்துரைத்தால் செவிசாய்க்க வேண்டாம்.

ஆனால் ஏற்கெனவே மெருகேறிய பழைய சாமானைப் புதிய மோகத்துக்கு ஏற்பக் கருக்க வேண்டியிருந்தவர் என்ன செய்தார்? அங்கேதான் அரக்கின் ஒரு குணம் கைகொடுத்தது. காய்ந்து இறுகிய அரக்குப் படலத்தின்மேல் புதிய அரக்குக் கரைசலைத் தேய்த்தால், அதிலுள்ள சாராயம் பழைய படலத்தின் மேற்புறத்தைச் சற்றே இளக்குகிறது. புதியதும் பழையதும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டு சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதுபோல் அன்று. பாலோடு பால் சேர்வதுபோல. ஆகவே புதுக் கரைசலில் சிறிது சாயத்தைக் கலந்துகொண்டால், பழைய தோலை அகற்றாமலே அதன் நிறம் ஆழ்ந்துவிடுகிறது. 5 தடவைக்குப் பின் போதும் என்று தோன்றினால் அங்கே நிறுத்தலாம். போதவில்லையெனில் ஆறாவது தடவலாம். மரத்துக்குள் ஏற்றிய சாயத்தில் இந்தச் சௌகரியம் கிடையாது. ஒரு வரம்பை மட்டும் மறக்கலாகாது. வெளிறியதைக் கருக்க இந்த முறை உதவும். கருத்ததை வெளிறச் செய்ய உதவாது.

சாயத்தின் கதையும் இதனோடு பின்னியது. 1856-இல் பெர்க்கின் என்ற இளைஞர் கரித்தாரிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டதும் செயற்கைச் சாயங்கள் வரிசையாக வந்தன. அவற்றுள் பிஸ்மார்க் பிரவுன் என்ற செம்பழுப்புச் சாயம் சாராயத்தில் எளிதாகக் கரைவது. மெருகுத் தொழிலாளரின் பையில் அதற்கு நிலையான இடம் கிடைத்தது. ஆனால் இச்சாயங்கள் வெயிலில் வெளிறும் குணமுடையவை. தெற்குச் சன்னலுக்கு எதிரே நின்ற அலமாரியின் ஒரு பக்கம் மட்டும் நிறமிழந்து போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். காவி, சுட்ட அம்பர் முதலிய மண்ணிறங்கள் வெளிறா. ஆனால் அளவு மீறினால் மரத்தின் ரேகையை மறைத்து, அலமாரியைச் சுவர்போல் ஆக்கிவிடும். கைதேர்ந்த மிஸ்திரி இரண்டையும் சிறிது சிறிது சேர்ப்பார்.

செயற்கைச் சாயம் வேறொரு மாறுதலையும் செய்தது. அதற்கு முன் அரக்கிலிருந்து பெறும் செந்நிறச் சாயத்துக்கே ஐரோப்பியச் சந்தையில் மதிப்பு. பிசின் இரண்டாம் பட்சம். கரித்தார்ச் சாயங்கள் வந்தபின் அரக்குச் சாயத்தைக் கேட்பாரில்லை. பிசினோ மெருகுக்கும், பின்னர் இசைத்தட்டுக்கும் உலகெங்கும் வேண்டப்பட்டது. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் கிராமபோன் கம்பெனி தொடங்கிய தொழிற்சாலையில் அழுத்திய தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. நம் பாட்டனார் கேட்ட பாட்டும், அந்தப் பெட்டி வைத்திருந்த மேசையின் மெருகும் ஒரே காட்டிலிருந்து வந்தன எனலாம்.

அந்தக் காடு பெரும்பாலும் சோட்டா நாகபுரிப் பீடபூமியைச் சேர்ந்தது. இந்தியாவில் அரக்கு மிகுதியாக விளையும் மாநிலம் ஜார்க்கண்டு. புரசு, இலந்தை, குசும் ஆகிய மரங்களின் இளங்கிளைகளில் அரக்குப் பூச்சி குடியேறி, தன்னைச் சுற்றிப் பிசினைச் சுரந்து கூடு கட்டிக்கொள்கிறது. கிளையோடு வெட்டிச் சுரண்டி, இடித்து, கழுவி எடுத்த மணியரக்கை நீண்ட துணிப்பையில் இட்டுக் கரி அடுப்பின் முன்னே பிடித்து முறுக்குவர். உருகிய பிசின் துணியின் வழியே கசியும். அதை வழித்துச் சூடான நீர் நிரம்பிய உருளையின்மேல் பனையோலையால் பரப்பி, உரித்தெடுத்து, கைகளாலும் கால்களாலும் பல்லாலும் பிடித்து நாலாபக்கமும் இழுத்து, கண்ணாடிபோல் மெல்லிய விரிப்பாக்குவர். அது நொறுங்கிக் கிடைப்பதே வட இந்தியக் கடைகளில் ‘சப்டா’ என்று விற்கும் செதில் அரக்கு. மேற்கு வங்கத்துப் புருலியா மாவட்டத்தில் பலராம்பூரும் ஜால்தாவும் இத்தொழிலுக்குப் பேர்போனவை. விரிப்பாக இழுக்காமல் சொட்டுச் சொட்டாக விட்டு ஆறவைத்த வில்லைகளைப் பொத்தான் அரக்கு என்பர். இதன் நிறம் செதிலினும் அடர்த்தியான பழுப்பு. வேறு சாயம் எதுவும் கலவாமல் இந்தப் பொத்தான் அரக்கை மட்டும் கரைத்துச் சில தடவை தேய்த்தாலே தேன் நிறத் தேக்கு ஒருவாறு காப்பி நிறத்தை எட்டிவிடும். கருக்கும் வழிகளுள் நாம் மிகவும் மதிப்பது இதையே.

இவ்வளவு வசதியான பொருள் இருக்க, உரிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அரக்கின் விலையேற்றமே அதற்கு வித்திட்டது. மின்சாரச் சாதனங்களுக்குக் காப்புப் பொருளாக அரக்கு மிகுதியும் தேவைப்பட்ட காலத்தில், அதற்கொரு மாற்றைத் தேடியே பேக்லண்டு என்ற வேதியியலார் ஆராய்ந்தார். 1907-இல் அவருக்குக் கிடைத்தது பேக்லைட்டு. செயற்கைப் பிசின்களின் யுகம் அதிலிருந்து தொடங்கியது. 1920-களில் மோட்டார் வண்டிகளுக்கென வந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மரச்சாமானுக்கும் பரவியது. உலகப் போருக்குப் பின் பாலியூரித்தேனும், நம் நாட்டில் மெலமைனும் வந்தன. போட்டி வலுப்பதை உணர்ந்து 1924-இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னுமிடத்தில் அரக்கு ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் நிறுவப்பட்டது. பெயர்கள் மாறினாலும் இன்றும் இயங்கிவருகிறது.

புதிய மெருகுகள் நீரையும் சூட்டையும் தாங்குவதில் அரக்கைவிட மேலானவை, இதை மறுப்பதற்கில்லை. அரக்கு மெருகின்மேல் சூடான காப்பித் தம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஆனால் பாலியூரித்தேனும் மெலமைனும் ஒருமுறை இறுகியபின் எந்தக் கரைசலிலும் இளகா. புதியது பழையதோடு கலக்காது. சரியாகப் பற்றாவிட்டால் தோல் தோலாக உரியும். அந்த அனுபவத்திலிருந்தே ‘பழையதை எடுக்காமல் புதியது நிற்காது’ என்ற பொதுவிதி பிறந்தது. குறிப்பிட்ட சில மெருகுகளைப் பற்றிய உண்மை, எல்லா அலமாரிகளுக்கும் உரிய சட்டமாகிவிட்டது.

ஆகவே எந்த அலமாரியானாலும் முதலில் அதன் தோல் எதுவென்று அறிவது அவசியம். கதவின் உட்புறத்திலோ அடிப்புறத்திலோ மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட்டை வைத்து, ஒரு நிமிடம் கழித்து விரலால் தொட வேண்டும். பிசுபிசுத்தால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன் அல்லது மெலமைன் என்று கொள்ளலாம். மிகப் பழைய அரக்கு சில சமயம் கரைய மறுக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது தன்னுள்ளேயே இறுகுவதால் சற்றுப் பொறுத்துத்தான் இளகும்.

இளகாத தோலையும் உரிக்க வேண்டியதில்லை. எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய மெழுகையும் சவுக்கார நீராலும், பிறகு கற்பூரத் தைலம் என்று நம்மவர் சொல்லும் டர்ப்பென்டைனாலும் துடைத்தெடுக்க வேண்டும். சமையலறை அலமாரியானால் தாளிப்பின் புகை கைப்பிடியைச் சுற்றித் தடித்துப் படிந்திருக்கும். இந்தத் துடைப்பில் சோம்பல் கூடாது, வேலையில் பாதி இதுவே. பிறகு 320-ஆம் எண் உப்புத்தாளால், பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் மெல்லத் தேய்க்க வேண்டும். மரத்தைத் தொடுவது நோக்கமன்று. அதன்மேல் மெழுகு நீக்கிய அரக்கின் மெல்லிய பூச்சு ஒன்று. இயற்கை அரக்கில் ஓரளவு மெழுகு உண்டு. அதை நீக்கிய அரக்கு ஏறத்தாழ எந்தத் தோலின்மேலும் பற்றும், அதன்மேல் எந்த மெருகும் பற்றும். இதற்குப்பின் நிறம் கலந்த பூச்சுகள், ஒவ்வொன்றும் நீர்த்ததாக, ஒன்று காய்ந்தபின் மற்றொன்று. இறுதியில் நிறமற்ற பூச்சு ஒன்றிரண்டு. இந்தக் காவல் இல்லாவிடில் கைபடும் இடத்தில் நிறம் முதலில் தேயும். சமையலறைக்காயின் இந்த இறுதிப் பூச்சு அரக்காக இல்லாமல் பாலியூரித்தேனாக இருப்பது நல்லது. கரைத்துவைத்த அரக்கு நாட்பட்டால் காயாமல் பிசுபிசுக்கும். கடையில் எப்போதோ கரைத்துவைத்த புட்டியை வாங்குவதைவிடச் செதிலை வாங்கி வேண்டிய அளவு கரைத்துக்கொள்வது மேல். புழுதிக் காற்று வீசும் மாதங்களில் தில்லியிலும், அடைமழை நாளில் மும்பையிலும் இந்த வேலையைத் தொடங்காதிருப்பது உசிதம். ஈரக்காற்றில் அரக்கு வெண்மை பூத்துவிடும்.

உரிப்பதால் நேரும் கேடு அழகைப் பற்றியது மட்டுமன்று. 1960-களிலும் 70-களிலும் இங்கிலாந்தில் பழைய பைன்மர அலமாரிகளைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முழுக்கி, வண்ணம் முழுவதையும் கழற்றி, வெற்று மரமாக விற்கும் மோகம் ஒன்று கிளம்பிற்று. அந்த அலமாரிகள் வண்ணம் பூசுவதற்கென்றே மலிவான மரத்தில் செய்யப்பட்டவை. வெற்று மேனியாக நிற்பதைச் செய்தவர்கள் எண்ணியும் பார்த்ததில்லை. தொட்டியிலிருந்து எடுத்தபோது பழைய வச்சிரம் இளகி மூட்டுகள் ஆடின. இரசாயன உரிப்பான்களில் பேர்பெற்ற மெத்திலீன் குளோரைடு, காற்றோட்டமற்ற அறையில் உயிரையே பறிக்கவல்லது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும், அமெரிக்கா 2019-இலும், இதைக் கொண்ட உரிப்பான்களைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடை செய்தன. இனி, உப்புத்தாளால் உரிப்போமென்றால், இக்காலத்து ஒட்டுப் பலகைகளின் மேலிருக்கும் தேக்குத் தகடு அரை மில்லிமீட்டர் அளவே. எந்திரம் ஒரு நொடி தாமதித்தால் அது போய்விடும், போனது வராது.

இவற்றினும் பெரிய இழப்புக்குச் சண்டீகரைக் காட்டலாம். 1951-இல் அந்த நகரை உருவாக்க லே கார்புசியே வந்தபோது, அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ஜான்னரே உடன் வந்து 1965 வரை அங்கேயே தங்கினார். தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கு வேண்டிய நாற்காலி, மேசை, புத்தக அலமாரிகளை அவரும், யூலி சௌத்ரி முதலிய உடனுழைப்பாளரும் வரைந்தனர். உள்ளூர்த் தச்சர்கள் தேக்கிலும் சீசத்திலும் அவற்றைச் செய்தனர். அரசாங்கச் சாமானாதலால் ஒவ்வொன்றின்மேலும் அலுவலகத்தின் பெயரும் எண்ணும் வண்ணத்தில் எழுதப்பட்டன. காலப்போக்கில் இருக்கை கிழிந்தவையும் கால் ஆடியவையும் மொட்டை மாடிகளில் குவிந்து, பழைய மரமென்று ஏலத்தில் போயின. வெளிநாட்டு வணிகர்கள் வாங்கிச் சென்றனர். அவற்றுட் பல முழுவதும் தேய்க்கப்பட்டுப் புது மெருகு பூண்டு, பாரிசிலும் இலண்டனிலும் நியூயார்க்கிலும் நாம் எண்ணிப் பாராத விலைக்கு விற்றன. 2011-இல் மத்திய அரசு இவற்றை விற்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாதென உத்தரவிட்டது.

அந்தச் சாமான்களில் எஞ்சியவற்றை இன்று ஆராய்வோர் முதலில் தேடுவது அந்த வண்ண எழுத்தையே. எந்தத் துறை, எந்த அறை, எத்தனையாவது நாற்காலி என்பதை அது சொல்லிவிடும். மெருகை உரித்தவர்கள் பல இடங்களில் அதையும் உரித்துவிட்டார்கள்; உரிக்காத இடத்தில் அலுவலகத்தின் வரலாறு அப்படியே நிற்கிறது. நம் வீடுகளில் உள்ள அலமாரிகளிலும் இத்தகைய குறிகள் உண்டு. பழைய அலுவலக ஏலத்தில் வாங்கியதாயின் எண் இருக்கும். ரெயிலில் வந்ததாயின் ஊர்ப்பெயர் எழுதிய சீட்டின் மிச்சம் பின்புறத்தில் ஒட்டியிருக்கும். கதவின் உட்புறத்தில் குழந்தைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள்கூட இருக்கலாம். மிஸ்திரியின் பஞ்சுருண்டை அங்கே போகுமுன் அந்த இடங்களைச் செய்தித்தாள் கொண்டு மூடிவிட வேண்டும். பசை நேரே எழுத்தின்மேல் படாமல், தாளின் விளிம்பில் மட்டும் இருக்கட்டும்.